சொல்லிக்கொடுத்தாயிற்று, ஏன் கைவரவில்லை?

"ரெண்டு நாள் பக்கத்துல உட்கார வச்சு சொல்லிக்கொடுத்தாச்சு, இன்னும் தப்பும் தவறுமாத்தான் செய்றார்" என்ற புலம்பல் கேட்காத அலுவலகம் இல்லை. சொன்ன மாத்திரத்தில் பழி முழுக்கப் புதியவர் தலையில் விழுந்துவிடுகிறது. கவனம் போதாது, ஆர்வம் இல்லை, இந்தத் தலைமுறையே இப்படித்தான் என்று பேச்சு வளர்கிறது. சொல்லிக்கொடுத்த விதத்தை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. புதியவரின் இயல்பை நம்மால் மாற்ற முடியாது. சொல்லிக்கொடுக்கும் விதத்தை நாளைக்கே மாற்றலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் வேலை தெரிந்தவர்கள் படைக்குப் போய்விட, தொழிற்சாலை வாசலையே மிதித்திராதவர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அவர்களை ஆற அமரப் பழக்க நேரமில்லை. 1940-இல் அந்நாட்டு அரசு தொடங்கிய 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற திட்டம் புதியவர்களுக்கு நேரடியாகப் பாடம் எடுக்கவில்லை. அவர்களுடைய மேற்பார்வையாளர்களைப் பிடித்து, ஒரு வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை 10 மணி நேரத்தில் பழக்கியது. 1945-இல் திட்டம் முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் அதன் வகுப்புகளில் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். அடிப்படையாக இருந்த நான்கு படிகள், முதல் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்காகத் தொழிற்கல்வியாளர் சார்லஸ் ஆலன் வகுத்த முறையிலிருந்து வந்தவை. போருக்குப் பிறகு இந்த முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா அதை உள்வாங்கிக்கொண்டது. மேற்பார்வையாளர்களின் சட்டைப் பையில் இருந்த சிறிய அட்டையில் ஒரு வரி அச்சிட்டிருந்தது: கற்பவர் கற்கவில்லை என்றால், கற்பிப்பவர் கற்பிக்கவில்லை.

கடுமையான வரிதான். ஆனால் அந்த வரியை ஒப்புக்கொண்டால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கவே முடியும்.

பயிற்சிதான் குறையா?

பயிற்சிக்கு நாள் குறிப்பதற்கு முன் ஒரு கேள்வி: அவர் இந்த வேலையை இதற்கு முன் ஒருமுறையாவது சரியாகச் செய்திருக்கிறாரா? செய்திருந்தால், அவருக்கு வேலை தெரியும். வேறு எங்கோ சிக்கல். என்ன தரத்தில் செய்ய வேண்டும் என்பதே அவருக்குச் சொல்லப்படாமல் இருக்கலாம். கருவியோ மென்பொருளோ ஒத்துழைக்காமல் இருக்கலாம். நேரம் போதாமல் இருக்கலாம். இன்னொன்று உண்டு, பலரும் கவனிக்காதது: சரியாகச் செய்பவருக்குக் கூடுதல் சுமைதான் பரிசாகக் கிடைக்கிறது என்றால், சரியாகச் செய்யாமல் இருப்பதையே ஆட்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். இவற்றில் எதற்கும் வகுப்பு மருந்தாகாது. அறிக்கை தாமதமாக வருகிறது என்று நேர மேலாண்மை வகுப்புக்கு அனுப்பிவைப்பார்கள். அந்த அறிக்கைக்கான தரவை இன்னொரு பிரிவு மாலை ஐந்து மணிக்குத்தான் அனுப்புகிறது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். அந்த வேலையை நன்றாகச் செய்யும் ஒருவர், திணறும் ஒருவர் என இருவர் பக்கத்திலும் ஆளுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். இருவரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அது முறையின் குறை. ஒருவர் மட்டும் தடுமாறினால், அந்த இடத்தைத்தான் கற்பிக்க வேண்டும்; முழு வேலையையும் ஆதியிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

முதலில் ஒரு தாள்

கற்பிக்கத்தான் வேண்டும் என்று உறுதியானபின், அடுத்த வேலை வாயைத் திறப்பது இல்லை, எழுதுவது. பல வருடம் ஒரு வேலையைச் செய்தவருக்கு அது கையோடு ஒட்டிவிடும். எதைப் பார்க்கிறோம், எங்கே ஒரு நொடி நிற்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் சொல்லிக்கொடுக்கும்போது மிக முக்கியமான விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. அவர்கள் மறைப்பதில்லை, அவை அவர்கள் கண்ணுக்கே படுவதில்லை.

தாளில் மூன்று பத்திகள் போதும். முதல் பத்தியில் படி, அதாவது வேலையை முன்னே நகர்த்தும் செயல். இரண்டாவதில் சூட்சுமம்: அந்தப் படியில் தவறினால் வேலை கெடும், ஆளுக்குக் காயம் படும், அல்லது தெரிந்தால் வேலை எளிதாகும் என்ற விஷயம் மட்டும். மூன்றாவதில் ஏன் என்ற காரணம். வேலையை நிஜமாகச் செய்துகொண்டே எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபடும்.

கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்லைச் சரிபார்க்கும் வேலையை எடுத்துக்கொள்வோம்.

1. பில், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு எவ்வளவு வந்தது என்று கிடங்கில் போடும் சீட்டான ஜி.ஆர்.என். மூன்றையும் ஒன்றாக எடுப்பது. சூட்சுமம்: ஒன்று குறைந்தாலும் தொடங்கக் கூடாது, தனித் தட்டில் வைக்க வேண்டும். ஏன்: பாதியில் நிறுத்தியதை மறுபடி எடுக்கும்போது எதுவரை பார்த்தோம் என்பது மறந்து, ஒரு படி தாண்டிப்போகும்.
2. சப்ளையர் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் பார்ப்பது. சூட்சுமம்: நம் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும், கணக்கு எண் மாறியிருந்தால் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். ஏன்: போலி பில் அனுப்புபவர் அதில் தன் எண்ணைத்தான் போட்டிருப்பார்.
3. அளவை ஜி.ஆர்.என்.னோடு ஒப்பிடுவது. சூட்சுமம்: ஆர்டரோடு ஒப்பிட்டால் போதாது. ஏன்: ஆர்டர் நாம் கேட்டதைச் சொல்கிறது, ஜி.ஆர்.என். வந்து சேர்ந்ததைச் சொல்கிறது.
4. விலையையும் வரியையும் ஆர்டரோடு ஒப்பிடுவது. சூட்சுமம்: முதலில் அலகைப் பார்க்க வேண்டும். ஏன்: ஆர்டர் பெட்டிக் கணக்கிலும் பில் எண்ணிக்கைக் கணக்கிலும் இருந்தால் விலை தப்பாகத் தெரியும், அல்லது தப்பு தெரியாமல் போகும்.
5. இதே பில் முன்பே பதிவாகியிருக்கிறதா என்று தேடுவது. சூட்சுமம்: பில் எண்ணை மட்டும் வைத்துத் தேடாமல், சப்ளையர் பெயரும் தொகையும் போட்டுத் தேட வேண்டும். ஏன்: 145, 0145, ஐ.என்.வி-145 மூன்றையும் கணினி மூன்று வெவ்வேறு பில்லாக எடுத்துக்கொள்ளும்.
6. பதிவு செய்து, கையெழுத்திட்டு, அடுக்குவது.

இதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். ஐந்தாம் படியின் சூட்சுமத்தைப் பாருங்கள். "டூப்ளிகேட் இருக்கான்னு பாத்துக்கோங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால் புதியவர் பில் எண்ணை அப்படியே தட்டிப் பார்ப்பார், எதுவும் வராது, நிம்மதியாக அடுத்ததுக்குப் போவார். சொன்னவர் சொல்லிவிட்டார், கேட்டவரும் செய்துவிட்டார். பணம் இரண்டு முறை போய்விடும்.

படிகள் ஆறேழுக்கு மேல் போனால் வேலையை இரண்டாக வெட்டி, இரண்டு வேளையாகக் கற்பியுங்கள். மனிதர் ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்திக்கொள்ளக்கூடியவை சுமார் ஏழு என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் முன்வைத்த மதிப்பீடு சுமார் நான்கு. புதிய விஷயம் என்றால் அதையும் நம்பக் கூடாது. ஒரே அமர்வில் பன்னிரண்டு படிகளைக் கொட்டுவது சொல்பவருக்குத்தான் திருப்தி.

சொல்வதும் செய்வதும்

அடுத்து, முதலில் சொன்ன அந்தப் போர்க்காலத் திட்டத்தின் நான்கு படிகள்: ஆயத்தம், செய்து காட்டல், செய்ய வைத்தல், பின்தொடர்தல்.

ஆயத்தத்தில் கற்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உட்காரும் இடமும் முக்கியம். எதிரெதிரே உட்கார்ந்தால் கையசைவு எல்லாம் அவருக்கு இடவலம் மாறித் தெரியும். பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டும். "இது ரொம்ப ஈசி" என்று தைரியம் சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது ஆறுதல் மாதிரி ஒலித்தாலும், அப்புறம் தவறு செய்பவர் "ஈசியானதே எனக்கு வரலையே" என்று ஒடுங்கிப்போவார், சந்தேகத்தையும் கேட்க மாட்டார்.

செய்து காட்டுவது மூன்று முறை. முதல் முறை படிகளை மட்டும் சொல்லிக்கொண்டே. இரண்டாம் முறை படிகளோடு சூட்சுமங்களும். மூன்றாம் முறை காரணங்களும் சேர்த்து. எல்லாவற்றையும் முதல் தடவையே சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைதான் பெரிய எதிரி. மூன்று முறை காட்டுவது நேர விரயமாகத் தோன்றும். ஆறு படி உள்ள வேலைக்கு அது பதினைந்து இருபது நிமிடம். தவறான பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்துத் திருத்த ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிறகு அவர் கையில் கொடுக்க வேண்டும். முதல் முறை பேசாமல் செய்யட்டும். தவறு வந்த உடனே, கை அடுத்த படிக்குப் போவதற்குள் திருத்துங்கள். கடைசிவரை விட்டுவிட்டுப் பிறகு சொன்னால் தவறான வழியும் ஒருமுறை பழகியதாகிவிடும். அடுத்த முறை படிகளை அவர் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அதற்கடுத்து சூட்சுமங்கள், அதற்கும் அடுத்து காரணங்கள். காரணத்தைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தாளில் இல்லாத சூழ்நிலை வரும்போது என்ன செய்வதென்று ஊகிக்க முடியும்.

இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது இது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

இந்த இரண்டு வரியால் யாருக்கும் எதுவும் தெரியவருவதில்லை. புரியவில்லை என்று மூத்தவரிடம் சொல்லப் பெரும்பாலோருக்கு வாய் வராது. புரிந்ததாக நிஜமாகவே நினைத்துக்கொண்டும் சொல்வார்கள். அதற்குப் பதிலாக ஒரு பில்லை நீட்டுங்கள்.

"இதுல 100 பீஸ் போட்டிருக்கு, ஜி.ஆர்.என்.ல 96தான் வந்திருக்கு. இப்ப என்ன செய்வீங்க?"

"96-க்கு மட்டும் போட்டுடலாமா சார்?"

"போட்டா மீதி நாலு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

இப்போதுதான் நிஜமான பாடம் தொடங்குகிறது. பில்லை நிறுத்திவைப்பது, கிடங்குக்கும் வாங்கல் பிரிவுக்கும் தெரிவிப்பது, வராத பொருளின் தொகையைக் கழித்துக்கொள்ள சப்ளையரிடம் கிரெடிட் நோட் கேட்பது, அந்த அலுவலக விதிப்படி எந்தத் தொகை வரை யார் முடிவெடுக்கலாம் என்பது எல்லாம் பேச்சில் வரும். தாளில் ஒரு ஓட்டை இருப்பதும் தெரியவரும்: எல்லாம் பொருந்தினால் என்ன செய்வதென்று மட்டும்தான் எழுதியிருக்கிறோம், பொருந்தாவிட்டால் என்ன செய்வதென்று எழுதவில்லை. பயிற்சித் தாள்களில் மிகப் பரவலான குறை இதுதான். அன்றாட வேலையில் புதியவர் திணறுவதும் பொருந்தாத பில்களில்தான்.

பின்தொடர்தலில் மூன்று விஷயம். அவரைத் தனியாக விட வேண்டும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். "யாரை வேணும்னாலும் கேளுங்க" என்றால் அவர் யாரையும் கேட்க மாட்டார், அல்லது பக்கத்தில் இருக்கும் அரைகுறையைக் கேட்பார். கேட்கும் வரை காத்திருக்காமல் நாமே போய்ப் பார்க்க வேண்டும்: முதல் நாள் மணிக்கொரு முறை, அடுத்த நாள் இரண்டு முறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டே போகலாம்.

மறதியோடு மல்லுக்கட்டாமல்

நன்றாகக் கற்றதும் மறக்கும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இலேயே இதைத் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டிவிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறந்தது என்று அளந்தார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெதுவாகிறது. அர்த்தமுள்ள வேலையை அவ்வளவு வேகமாக மறக்க மாட்டோம் என்றாலும் வளைவின் போக்கு அதேதான். அதனால் முதல் மீள்பார்வை அடுத்த மாதம் வரும் புத்தாக்க வகுப்பாக இருக்கக் கூடாது, மறுநாள் காலையாக இருக்க வேண்டும்.

மீள்பார்வை என்றதும் பழைய ஸ்லைடுகளை மறுபடி ஓட்டுவார்கள். அது நல்ல உணர்வைத் தரும், பலனைத் தராது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு மாணவர்கள் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுகூர்ந்து பழகியவர்களுக்குச் சுமார் 61 சதவீதம், திரும்பப் படித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் நினைவில் இருந்தது. வகுப்பு முடிந்த கையோடு வைக்கும் தேர்வு நம்மை எப்படி ஏமாற்றும் என்பதும் இதில் இருக்கிறது. அன்று மாலை எல்லோரும் தேறிவிடுவார்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். மறுநாள் காலை தாளைப் பார்க்காமல் படிகளைச் சொல்லச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம். நான்காம் நாள் பத்து மாதிரி பில்கள் கொண்ட கட்டு ஒன்றைக் கொடுங்கள். அதில் நான்கில் வேண்டுமென்றே ஒரு குறை வைத்திருங்கள். ஒன்றில் அலகு மாறியிருக்கட்டும், ஒன்றில் கணக்கு எண் மாறியிருக்கட்டும், ஒன்று ஏற்கெனவே பதிவானதாக, ஒன்று அளவு குறைந்ததாக. எத்தனை குறை என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் நான்கு கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார். பத்தாம் நாள் வேறொரு கட்டு. பிறகு மூன்றாம் வாரம், ஆறாம் வாரம். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போதும். இந்தத் தேதிகளைப் பயிற்சி நாளன்றே இருவர் காலண்டரிலும் போட்டுவிட வேண்டும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டால் மாதக்கடைசி நெருக்கடியில் எல்லாம் காணாமல் போகும். இது மார்க் போடும் தேர்வு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகும் என்ற பயம் வந்தால் தாளை மறைத்துப் பார்த்து எழுதுவார்கள், எல்லாம் வீண்.

எல்லாவற்றையும் நினைவில் ஏற்ற வேண்டியதும் இல்லை. மாதம் ஒருமுறைகூட வராத வேலை, அதாவது ஆண்டு முடிவுக் கணக்கு, பேக்கப்பிலிருந்து தரவை மீட்பது போன்றவற்றை மனப்பாடம் செய்யவைப்பது கொடுமை. அவற்றுக்குச் சரிபார்ப்புப் பட்டியல்தான் சரி. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள்தான். அதைப் பயன்படுத்துபவர்கள் பல ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்கள். பட்டியல் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். பகிர்வுக் கோப்புறைக்குள் ஆறாவது அடுக்கில் இருக்கும் பட்டியல் இல்லாததற்குச் சமம். அவசரத்தில் திறந்து பார்க்க நேரமில்லாதவை, வாடிக்கையாளர் முன் நிற்கும்போது தேவைப்படுபவை, நாள்தோறும் பலமுறை வருபவை ஆகிய மூன்றையும் மட்டும் நினைவில் ஏற்றினால் போதும்.

வகுப்புக்கு அனுப்பும்போது

வெளியே நடக்கும் இரண்டு மூன்று நாள் வகுப்புகள் வீணாவது பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியேதான். பால்ட்வின், ஃபோர்டு இருவரும் 1988-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கற்றது வேலைக்கு வந்துசேர்வதைத் தீர்மானிப்பவை மூன்று என்று வகுத்தது: கற்பவரின் இயல்பு, பயிற்சியின் அமைப்பு, வேலைச் சூழல். பணம் எல்லாம் இரண்டாவதில் போகிறது. மூன்றாவதற்கு மேலாளரின் அரை மணி நேரம்தான் தேவை, அதுதான் கிடைப்பதில்லை.

அந்த அரை மணியை இரண்டாகப் பிரியுங்கள். போவதற்கு முன் கால் மணி: எதற்காக அனுப்புகிறோம், திரும்பி வந்து முதலில் எந்த வேலையில் இதைப் பயன்படுத்தப் போகிறார், அவர் இல்லாத நாட்களில் அவர் வேலையை யார் பார்ப்பார். கடைசிக் கேள்வி சாதாரணமானது இல்லை. பார்க்க ஆள் இல்லாவிட்டால் அவர் வகுப்பில் உட்கார்ந்து மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். திரும்பி வந்த மறுநாள் கால் மணி: என்ன ஒன்றை மாற்றிச் செய்யப் போகிறீர்கள், அதற்கு என்னிடமிருந்து என்ன வேண்டும். ஒன்றுதான்; ஐந்து தீர்மானங்கள் எழுதிக்கொண்டு வருபவர் எதையும் செய்வதில்லை. ஒரு வாரத்துக்குள் அதைப் பயன்படுத்தும் வேலை கையில் வர வேண்டும். புதிய மென்பொருள் நிறுவ இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது இப்போதே பயிற்சி கொடுத்து முடிப்பது பட்டியலில் டிக் அடிக்க உதவும், வேறெதற்கும் உதவாது.

வகுப்பின் முடிவில் நிரப்பும் கருத்துப் படிவத்தை வைத்துப் பயிற்சியை அளப்பதையும் நிறுத்த வேண்டும். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இலேயே நான்கு நிலைகளைச் சொல்லிவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு வந்ததா. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. நல்ல பேச்சாளரும் நல்ல சாப்பாடும் இருந்தால் ஐந்துக்கு நாலரை வந்துவிடும். படிவத்தில் "பயிற்சி எப்படி இருந்தது" என்பதற்குப் பதிலாக "நாளை எந்த வேலையில் இதைப் பயன்படுத்துவீர்கள், எது தடையாக இருக்கும்" என்று கேளுங்கள். ஆறு வாரம் கழித்து அதே தாளை எடுத்து நடந்ததா என்று பாருங்கள். பில் சரிபார்ப்பு என்றால் மூன்றாம் நிலையை அளப்பது மிக எளிது: முன்பு மாதத்துக்கு எத்தனை பில் திரும்பி வந்தது, இப்போது எத்தனை.

பயிற்சித் துறையில் நிறையக் கட்டுக்கதைகளும் உலவுகின்றன. "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம் நினைவில் நிற்கும்" என்ற கூம்பு வடிவப் படம் அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் பெயரில் சுற்றுகிறது. 1946-இல் அவர் வரைந்த கூம்பில் எந்தச் சதவீதமும் இல்லை. பிறகு யாரோ ஏற்றியவை. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் விரிவாகப் பார்த்துச் சொன்னார்கள். வேலை செய்து 70, பிறரிடமிருந்து 20, வகுப்பில் 10 சதவீதம் கற்கிறோம் என்ற 70:20:10 விகிதம் 1980-களில் அமெரிக்காவில் வெற்றிகரமான மேலாளர்களிடம் 'எதிலிருந்து கற்றீர்கள்' என்று கேட்டதிலிருந்து கிளம்பியது. வேலை செய்தே பெரும்பாலும் கற்கிறோம் என்ற அளவில் அது நியாயம்தான். அதைப் பட்ஜெட் பிரிக்கும் சூத்திரமாக்கி, '70 சதவீதம் தானாக நடக்கும்' என்று கைவிடுவதுதான் ஆபத்து. தானாக நடப்பது பழக்கம் மட்டுமே. தப்பான பழக்கமும் அதே வேகத்தில் படியும்.

குறை சொல்வதற்கும் முறை உண்டு

கருத்துச் சொன்னால் ஆள் தேறுவார் என்று நம்பிவிடுகிறோம். க்ளூகர், டெனிசி இருவரும் 1996-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது, கருத்துச் சொன்னது சராசரியில் உதவியது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளை நோக்கித் திரும்பும்போது பலன் தேய்கிறது. "நீங்க கொஞ்சம் கவனக்குறைவு" என்பதில் அவர் நாளை மாற்றிச் செய்ய எதுவுமே இல்லை. "நாலாவது படியில அலகு பார்க்காம விலைக்குப் போயிட்டீங்க, அலகுல ஒரு டிக் போட்டுட்டு அப்புறம் விலைக்குப் போங்க" என்பதில் இருக்கிறது. "நல்லா பண்றீங்க" என்ற பாராட்டும் அதே குறை உடையதுதான். எது நன்றாக இருந்தது என்று சொல்லாவிட்டால் அதை மறுபடி செய்ய அவருக்குத் தெரியாது.

தவறு வெளியே வரவும் இடம் வேண்டும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் எழுதியதில், நன்றாக வழிநடத்தப்பட்ட பிரிவுகளில்தான் தவறுகளின் பதிவு அதிகமாக இருந்தது. அங்கே தவறுகளைப் பற்றிப் பேச முடிந்தது. புதியவர் சேர்ந்த மாதத்தில் ஒரு தவறுகூடப் பதிவாகவில்லை என்றால் மகிழ்வதற்கு முன் விசாரிக்க வேண்டும். அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப்பின் கேட்கும் கேள்விகள் இதற்கு நல்ல வடிவம்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்தமுறை என்ன செய்வோம். யார் செய்தது என்ற கேள்வி அதில் இல்லை. ஒரு வேலை முடிந்த அன்றே, பத்துப் பதினைந்து நிமிடத்தில், மேலாளர் கடைசியாகப் பேசுகிற மாதிரி நடத்தினால் போதும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

வேலை பழகியவர்களுக்கு இதே முறையைத் திணிக்காதீர்கள். புதியவருக்கு உதவும் விரிவான வழிகாட்டல், தெரிந்தவருக்கு இடைஞ்சலாகிறது. கற்றல் ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்துள்ள விஷயம். அவர்களுக்குத் தீர்வைக் காட்டாமல் சிக்கலான பில்லையே கொடுங்கள்: பகுதி பகுதியாக வந்த சரக்கு, நடுவில் விலை மாறிய ஆர்டர், திருப்பி அனுப்பிய பொருளுக்கான வரவு. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் நிறைய இருக்கும். "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்றால் இரண்டு பக்கம் பொதுவான அறிவுரைதான் வரும். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து, கை நின்ற இடத்தில் "இங்க எதைப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். "இந்த சப்ளையர் எப்பவும் முழு ரூபாய்க்குத்தான் போடுவார், இதுல பைசா வருது" என்பது போன்ற பதில்கள்தான் தாளில் ஏற வேண்டியவை.

மேலாளர் எதுவும் செய்யாவிட்டால்

இதைப் படிப்பவர்களில் பலர் கற்பிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள், கற்க விட மாட்டேன் என்கிறார்களே என்ற நிலையில்தான் இருப்பீர்கள். அப்போதும் செய்யக்கூடியவை உண்டு. தாளை நீங்களே எழுதுங்கள். மூத்தவரிடம் வெறுங்கையோடு போய் "சொல்லிக்கொடுங்க" என்று கேட்டால் நேரமில்லை என்பார். எழுதிய தாளை நீட்டி "இதுல எது தப்பு, எது விட்டுப்போச்சு?" என்று கேட்டால் மறுப்பவர் அரிது; திருத்துவது சொல்லிக்கொடுப்பதைவிட அவருக்கும் எளிது.

வளர்ச்சித் திட்டம் எழுதச் சொன்னால் 'தொடர்பாற்றலை மேம்படுத்துவது' போன்றவற்றை எழுதாதீர்கள். அது முடிந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. "மூன்று மாதத்துக்குள் மாத அறிக்கையை மேலாளரின் திருத்தமின்றித் தயாரித்து, கூட்டத்தில் பத்து நிமிடம் விளக்குவது" என்று எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒரு திறன் போதும். கூடவே அந்தத் திறன் தேவைப்படும் வேலையையும் கேட்டு வாங்குங்கள். வகுப்பு மட்டும் கேட்டு வேலை கேட்காமல் விட்டால் சான்றிதழ் மிஞ்சும். கேட்கும்போது முழுப் பொறுப்பையும் கேட்காமல் ஒரு துண்டைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்: முழு அறிக்கைக்குப் பதில் அதன் ஒரு பகுதி, முழு வாடிக்கையாளருக்குப் பதில் ஒரு கூட்டத்தின் குறிப்பு. செய்து கொடுத்த மறுநாளே "அடுத்த முறை எதை மாற்றட்டும்?" என்று கேளுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்று மட்டும்தான் பதில் வரும்.